பத்தில் ஆறு

காவிரி டெல்டாவில் ஒரு வாய்க்கால் பாலம். 1994, ஐப்பசி மாதம். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன உதவிப் பொறியாளர் கைப்பிடிச் சுவரோரம் ஸ்டாப் வாட்சோடு நிற்கிறார். பக்கத்தில் லஸ்கர், முப்பது வருஷமாக மதகை ஏற்றி இறக்கிய மனிதர், கரண்ட் மீட்டரைக் கம்பியில் கட்டித் தண்ணீருக்குள் விடுகிறார். அடியில் மீன் வடிவத்தில் ஈயக்குண்டு, அதற்கு மேல் சுழலும் கிண்ணங்கள். அந்த இடத்தில் ஆழம் ஐந்தடி. மேல்மட்டத்திலிருந்து மூன்றடி இறங்கியதும் கம்பியை நிறுத்துகிறார். ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு. அங்கே ஓடும் வேகத்தை மேலிருந்து கீழ்வரையான ஓட்டத்தின் சராசரி வேகமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது நீரளப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி.

"சார், ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சேன். அதென்ன பத்துல ஆறு? பாதியில நிறுத்தினா ஆகாதா?"

"புஸ்தகத்துல அப்படித்தாண்ணே போட்டிருக்கு."

லஸ்கர் தலையை ஆட்டிவிட்டுக் கம்பியை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது இருவருக்குமே தெரியும். அந்தப் பதிலை ஐந்து வருஷத்துக்கு முன்பே ஒரு பரீட்சைத் தாளில் எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தோம் என்பது மட்டும் பொறியாளருக்கு அன்று தெரியவில்லை.

அவர் பள்ளியில் படித்தது தமிழ் வழியில். 1988-இல் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் சேர்ந்தார். பிளஸ் டூ புத்தகத்தில் 'தொகையிடல்' என்று படித்த பாடம் கல்லூரியில் 'இன்டக்ரேஷன்' ஆனது. மடக்கை 'லாக்' ஆனது, பகுதித் தொகையிடல் 'பை பார்ட்ஸ்' ஆனது. பெயர்கள் மாறியதைச் சில வாரங்களில் சமாளித்துவிட்டார். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது. 'தொகை' என்ற சொல்லிலேயே கூட்டு என்ற பொருள் இருக்கிறது. சம்பளத் தொகை, கடன் தொகை, மக்கள்தொகை என்று ஊரே புழங்கும் சொல் அது. 'இன்டக்ரேஷன்' என்ற சொல் அவர் காதில் வெறும் சத்தமாக விழுந்தது. எதையோ கூட்டுகிறோம் என்ற நினைப்பு மெல்ல நழுவி, ஒரு பட்டியலைப் பார்த்து எதிர்ப்பக்கம் எழுதும் வேலையாகக் கணக்கு சுருங்கிப்போனது.

தொகையிடலின் குறியே கூட்டலின் அடையாளம்தான். 1675 அக்டோபர் 29 அன்று, பாரிஸில் இருந்த லைப்னிட்ஸ் தம் கையெழுத்துக் குறிப்பில் 'எல்லாம்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கத்தை விட்டுவிட்டு, நீட்டி வளைத்த ஓர் 'எஸ்' போட்டார். 'சும்மா' என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்து அது. சும்மா என்றால் தொகை. முதல் வகுப்பில் இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். வகுப்பில் யாரும் சொல்லவில்லை. பகுதித் தொகையிடலில் எந்தச் சார்பை முதலில் எடுப்பது என்பதற்கான 'ஐலேட்' வாய்பாட்டைத்தான் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

அந்த வாரத்தில் வந்த கணக்குதான் மடக்கையின் தொகை. லாக் எக்ஸ் தனியாக நிற்கிறது, பெருக்குவதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. எனவே பக்கத்தில் ஓர் ஒன்றை நிறுத்த வேண்டும். லாக் எக்ஸுக்கு வகைக்கெழு காணவும், ஒன்றைத் தொகையிடவும் வைத்துக்கொண்டால் விடை வந்துவிடும்: எக்ஸ் லாக் எக்ஸ், அதிலிருந்து எக்ஸ் கழிக்க, கூடவே ஒரு மாறிலி. அந்த மாறிலியை மறந்தால் அரை மதிப்பெண் போகும். ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் ஒன்றை வைத்ததும் கணக்கு திறந்துகொண்டது அவருக்குப் பிடித்திருந்தது. அந்த விடை எதற்கு உதவும் என்று அவர் கேட்கவில்லை, வகுப்பிலும் யாரும் கேட்கவில்லை.

முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர் விழுந்தது. வீழ்த்தியது ஒரே ஒரு பெரிய கேள்வி என்றே அவர் இன்றும் நம்புகிறார். எக்ஸின் வர்க்கமாக ஏறும் வளைகோட்டின் கீழே, பூச்சியத்திலிருந்து இரண்டு வரை உள்ள பரப்பை ஒய் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் வரும் கன அளவு என்ன? பை, ஒய் வர்க்கம், டி.எக்ஸ் என்ற சூத்திரம் விரல் நுனியில் இருந்தது. போட்டார். முப்பத்திரண்டு பையை ஐந்தால் வகுத்த விடை வந்தது. எக்ஸ் அச்சைச் சுற்றியிருந்தால் அது சரி. ஒய் அச்சைச் சுற்றினால் சரியான விடை எட்டு பை. சூத்திரம் தெரிந்திருந்தது, எந்தப் பொருளை எப்படி நறுக்குகிறோம் என்பது தெரியவில்லை.

தெளிய வைத்தது விடுதிச் சமையற்கட்டு. மூன்றாம் வருஷ அண்ணன் ஒருவர் அவரை மெஸ்ஸுக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். அன்று மாலை பஜ்ஜி. சமையல்காரர் வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தார். "இங்க பாருடா. ஒவ்வொரு வில்லையும் ஒரு வட்டம். நுனியில சின்னது, நடுவுல பெருசு. வட்டத்தோட பரப்பைக் கனத்தால பெருக்கு, எல்லா வில்லையையும் கூட்டு. இதுதான் நீ எழுதின சூத்திரம்." பிறகு மூலையில் கிடந்த வாழைத்தண்டைக் கையில் எடுத்தார். பட்டையாக உரித்தார். "இதைச் சீவாம உரிச்சா? ஒவ்வொரு பட்டையும் ஒரு குழாய். குழாயை நீளவாக்குல வெட்டி விரிச்சா நீண்ட தகடு. அகலம் சுற்றளவு, நீளம் தண்டோட உயரம், கனம் டி.எக்ஸ். உன் கேள்விக்கு இதைத்தான் பண்ணியிருக்கணும்." இரண்டு பை எக்ஸ் என்பது சுற்றளவு, எக்ஸ் வர்க்கம் உயரம். பெருக்கித் தொகையிட்டால் எட்டு பை. அன்றிரவு அவர் பழைய வினாத்தாள்களை எடுத்து ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் 'சீவு' அல்லது 'உரி' என்று பென்சிலால் எழுதினார். அரியர் அடுத்த முயற்சியில் போனது.

பல வருஷங்களுக்குப் பிறகுதான், இதே வழியில் யோசித்தவர்கள் கேரளத்தில் பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள் என்று அவர் படித்தார். 1530-ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் எழுதிய 'யுக்திபாஷை' மலையாள உரைநடையில் அமைந்த கணித நூல். கணித நூல்களைச் சமஸ்கிருதச் செய்யுளில் எழுதிய காலத்தில், பேச்சுமொழியில், காரணத்தோடு எழுதப்பட்டது. வட்டத்தை மையத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பாதிகளையும் பல்சக்கரம்போல ஒன்றுக்குள் ஒன்று செருகி நீள்சதுரமாக்கிப் பரப்பைக் காண்கிறார். கோளத்தை வில்லைகளாக்கிக் கன அளவைக் காண்கிறார். ஒன்று முதல் ஒரு பெரிய எண் வரையுள்ள எண்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் அந்தப் பெரிய எண்ணின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும், கனமாக்கிக் கூட்டினால் நான்காம் படியில் நான்கில் ஒரு பங்கை நெருங்கும் என்று படிப்படியாகச் சொல்கிறார். கல்லூரி மாணவர் மனப்பாடம் செய்யும் முதல் தொகைச் சூத்திரம், கூட்டலாகவே அங்கே நிற்கிறது. தமிழ் வழியில் வந்து தடுமாறிய ஒரு மாணவனுக்கு, பக்கத்து மொழியில் இப்படி ஒரு நூல் இருந்தது என்று கல்லூரியிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு தைரியம் வந்திருக்கும் என்று அவர் இப்போதும் ஆதங்கத்தோடு சொல்வார்.

கல்லூரி நாட்களில் அவருக்கு மறக்கமுடியாத பாடம் நடந்தது கணித வகுப்பில் அல்ல, சர்வே ஆய்வகத்தில். அங்கே ஓர் அலமாரியில், வெல்வெட் பதித்த மரப்பெட்டிக்குள், பிளானிமீட்டர் இருந்தது. இரண்டு பித்தளைக் கைகள், நடுவில் முழங்கைபோல ஒரு மூட்டு. ஒரு கையின் நுனி ஊசியாகத் தாளில் குத்தி நிற்கும். இன்னொரு கையின் நுனியைப் பிடித்து, வரைபடத்தில் உள்ள ஏரியின் கரையைச் சுற்றி ஒரு முறை ஓட்டித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். அந்தக் கையில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அது காட்டும் எண்ணிலிருந்து ஏரியின் பரப்பு வந்துவிடும். ஏரிக்குள் நுனி நுழையவே இல்லை, கரையை மட்டும்தான் சுற்றியது. உள்ளே எவ்வளவு இடம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

ஆய்வகக் கையேட்டில் இருந்தது ஒரு சூத்திரம்: கடைசி அளவிலிருந்து முதல் அளவைக் கழி, சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் தட்டு முழுச்சுற்று வந்த கணக்கைப் பத்தால் பெருக்கிக் கூட்டு அல்லது கழி, ஊசி படத்துக்குள் இருந்தால் ஒரு மாறிலியைக் கூட்டு, எல்லாவற்றையும் கருவியின் பெருக்கெண்ணால் பெருக்கு. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. அதே ஆண்டு கணித வகுப்பில் கிரீன் தேற்றம் நடந்தது. நாட்டிங்ஹாமில் ரொட்டிக்கடைக்காரரின் மகனாகப் பிறந்து, காற்றாலையில் மாவரைத்து, பெரும்பாலும் தானாகவே கணிதம் கற்ற ஜார்ஜ் கிரீன் 1828-இல் வெளியிட்ட கட்டுரையை ஒட்டி அவர் பெயரால் வழங்குவது. ஒரு பரப்புக்குள் செய்யும் இரட்டைத் தொகையை, அதன் எல்லைக்கோட்டைச் சுற்றிச் செய்யும் ஒற்றைத் தொகையாக மாற்றலாம் என்பது அதன் சாரம். பரீட்சையில் அது 'சரிபார்க்க' என்றே வரும். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்கிட்டு, இரண்டும் ஒன்று என்று எழுதிக் கோடு போட வேண்டும். மாணவர்கள் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள். ஒன்று என்று வந்தபோது யாரும் வியக்கவில்லை. ஒன்றாகத்தான் வரும் என்று கேள்வியிலேயே இருந்ததே!

சர்வே ஆய்வகமும் கணிதத் துறையும் இரண்டு கட்டடங்கள். நடுவே ஒரு வேப்பமரமும் சைக்கிள் நிறுத்துமிடமும். ஒருநாள் அந்த நிறுத்துமிடத்தில்தான் அவருக்குப் பொறி தட்டியது: கரையைச் சுற்றினால் உள்ளே உள்ள பரப்பு கிடைக்கும் என்று சொல்வது கிரீன் தேற்றம், கரையைச் சுற்றிப் பரப்பைத் தருவது பிளானிமீட்டர். திரும்பிப்போய்க் கணித விரிவுரையாளரிடம் சொன்னார். அந்த ஆசிரியர் பிளானிமீட்டரைப் பார்த்ததே இல்லை. "வாங்க, காட்டுங்க" என்று அவரே எழுந்து வந்தார். இருவரும் ஆய்வக மேசையில் உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்க அந்தப் பித்தளைக் கைகளை நகர்த்தினார்கள்.

ரகசியம் சக்கரத்தில் இருந்தது. அது கை நீளும் திசையில் போனால் சுழலாது, வழுக்கும். கைக்குச் செங்குத்தாகப் போனால்தான் சுழலும். ஒரு துடைப்பத்தைத் தரையில் பக்கவாட்டில் இழுத்தால் அது ஒரு பரப்பைப் பெருக்குகிறது. நீளவாக்கில் இழுத்தால் எதையும் பெருக்குவதில்லை. கை பெருக்கிய பரப்பைச் சக்கரம் எண்ணுகிறது. நுனி கரையின் அப்பக்கம் போகும்போது பெருக்கிய இடமெல்லாம் கூட்டலில் சேரும், இப்பக்கம் திரும்பும்போது பெருக்கிய இடம் கழித்தலில் சேரும். ஏரிக்கு வெளியே பெருக்கியது இரண்டு முறை வந்து தன்னைத்தானே அடித்துக்கொள்ளும். ஏரி மட்டும் மிச்சம். ஊசி ஏரிக்கு வெளியே நிற்கும்போது, கை திரும்புவதால் சக்கரத்தில் ஏறும் சுழற்சியும், தொடங்கிய இடத்துக்கே வந்ததும் கழிந்துபோகும். கையின் நீளத்தைச் சக்கரம் உருண்ட தூரத்தால் பெருக்கினால் பரப்பு. சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆம்ஸ்லர் 1854-இல் செய்த கருவி இது. ஆய்வக உதவியாளர் பூட்டச் சொல்லி வந்து நின்றபோதும் ஆசிரியர் எழவில்லை. கரும்பலகையில் எத்தனை முறை எழுதிய தேற்றம்! அது உருளும் சத்தத்தை அன்றுதான் முதல்முறை கேட்டார்.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தொகை நுண்கணிதமும் அதன் பயன்பாடுகளும் என்று ஒரே வரியில்தான் அச்சடிக்கிறார்கள். வகுப்பில் இரண்டுக்கும் நடுவே ஒரு வேப்பமர தூரம் இருந்தது. அதைக் கடப்பது மாணவனின் வேலை என்று விட்டுவிடுவது சரியல்ல என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

வேலையில் சேர்ந்ததும் முதலில் கையில் வந்தது ஏரிதான். தூர் வாரும் முன் அதன் கொள்ளளவைக் காண வேண்டும். கோடையில் வறண்ட ஏரிக்குள் டம்பி லெவலும் ஸ்டாஃபுமாக இறங்கி, ஒரே மட்டத்தில் உள்ள புள்ளிகளை இணைத்துச் சம உயரக் கோடுகள் வரைவார்கள். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் உள்ள பரப்பைப் பிளானிமீட்டரால் எடுப்பார்கள். ஏரி அடுக்கடுக்கான வில்லைகளாகிவிட்டது. இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தண்ணீருக்கு ஒரு சூத்திரம்: மேல் பரப்பு, கீழ்ப் பரப்பு, இரண்டையும் பெருக்கியதன் வர்க்கமூலம், மூன்றையும் கூட்டி உயரத்தில் மூன்றில் ஒன்றால் பெருக்கு. கரை சீராகச் சரிகிறது என்று வைத்துக்கொண்டு தொகையிட்டால் வருவது இது. மெஸ்ஸில் பார்த்த வாழைக்காய்தான், வில்லையின் ஓரம் மட்டும் சாய்வு.

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் செய்தித்தாளில் பார்ப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியாமலே தெரியும். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 60 அடி என்றால் பாதி அணை நிறைந்துவிட்டது என்று தோன்றும். அப்போது இருப்பு சுமார் 25 டி.எம்.சி.தான். பள்ளத்தாக்கு மேலே போகப்போக விரிவதால் உச்சியில் ஓரடிக்கு ஒன்றரை டி.எம்.சி.க்கு மேல் நிற்கிறது, அடியில் ஓரடிக்கு அதில் சிறு பங்கு. மட்டத்துக்கும் இருப்புக்கும் நடுவே நிற்பது ஒரு தொகை. அதைக் கணக்கிட்டு அட்டவணையாக அச்சடித்து வைத்திருப்பதால், மட்டத்தைப் படித்தவுடன் இருப்பைச் சொல்ல முடிகிறது.

லஸ்கரின் கேள்வி மட்டும் அவர் மனதில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு விடுமுறை நாளில், வென் தே சௌ எழுதிய திறந்தவாய்க்கால் நீரியல் புத்தகத்தைப் புரட்டியபோது, ஓடும் தண்ணீரின் வேகம் தரையிலிருந்து மேலே போகப்போக மடக்கையாக ஏறுகிறது என்ற இடம் கண்ணில் பட்டது. 1930-ஐ ஒட்டிப் பிராண்டலும் ஃபான் கார்மானும் கண்டது. மடக்கை! சராசரி வேகம் வேண்டுமென்றால் மேலிருந்து கீழ்வரை உள்ள வேகத்தைத் தொகையிட்டு ஆழத்தால் வகுக்க வேண்டும். அதாவது லாக் எக்ஸின் தொகை. எம்.புக்கில் கிறுக்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்ட கணக்குப் புத்தகம் அது. சுவரிலிருந்து பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் போட்டார்.

எக்ஸ் லாக் எக்ஸ், கழித்தல் எக்ஸ். மேல் எல்லை முழு ஆழம், கீழ் எல்லை பூச்சியம். பூச்சியத்தில் மடக்கை பாதாளத்துக்கு இறங்குகிறது, ஆனால் தொகையில் அந்த இடம் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. ஆழத்தால் வகுத்தால், ஆழத்தின் மடக்கையில் ஒன்று குறைகிறது. வகுப்பில் பக்கத்தில் நிறுத்திய அதே ஒன்றிலிருந்து பிறந்த ஒன்று. மடக்கையில் ஒன்று குறைவது என்றால், ஆழத்தை 2.718-ஆல் வகுப்பது. தரையிலிருந்து 0.368 பங்கு, மேலிருந்து 0.632 பங்கு. பத்தில் ஆறு.

அவர் எழுந்து நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஆழமான இடங்களில் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் அளந்து சராசரி எடுக்கும் விதி ஒன்றும் உண்டு. அதையும் பார்த்தார். குறைந்த இடங்களில் அளந்து தொகை காண எந்த இரண்டு இடங்கள் சிறந்தவை என்று காஸ் 1814-இல் கண்டது 0.211, 0.789. எண்முறைக் கணிதத் தாளுக்காக அவர் உருப்போட்ட எண்கள்தான். ஆற்றில் நின்றவர்கள் தங்கள் அனுபவத்தில் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் கம்பியை நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த முறை பாலத்துக்குப் போனபோது, டீக்கடைப் பெஞ்சில் லஸ்கரிடம் படம் போட்டுக் காட்டினார். தரையில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நகராது, கொஞ்சம் ஏறியதும் வேகம் மளமளவென்று கூடும், அப்புறம் ஏறுவது மட்டுப்படும். மேல்பாதியெல்லாம் ஏறக்குறைய ஒரே வேகம், கீழே மட்டும்தான் சட்டென்று குறைகிறது. அதனால் சராசரி பாதியில் நிற்காமல் கொஞ்சம் கீழே தள்ளி நிற்கிறது. லஸ்கர் வளைகோட்டின் மேல் விரலை வைத்துத் தரையிலிருந்து மேலே மெதுவாக நகர்த்திப் பார்த்தார்.

"சரி சார். அடியில ஒட்டுறதாலதானே இப்படி? அப்ப நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கெடக்குதே, வடக்கால மடை, அங்க அடியில மட்டுமா ஒட்டும்? பாதி ஆழம் வரைக்கும் தழையில்ல நிக்கிது. அங்கயும் பத்துல ஆறுதானா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. செடி நடுவே ஓட்டம் மடக்கையாக இருக்காது, விதியும் நிற்காது. அன்று பிற்பகல் இருவரும் வடக்கு மடைக்குப் போனார்கள். மேலிருந்து அடிவரை பத்து இடங்களில் கரண்ட் மீட்டரை நிறுத்தி நிறுத்தி அளந்தார்கள். லஸ்கர் கிண்ணங்களின் சுற்றை எண்ண, பொறியாளர் கடிகாரம் பார்த்தார். இரண்டு முறை தழை சிக்கி மீட்டரை மேலே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. பத்துப் புள்ளிகளையும் கட்டத்தாளில் வைத்துக் கோடு போட்டபோது, கீழ்ப்பாதியில் சோம்பிக் கிடந்து, செடிக்கு மேலே வந்ததும் நிமிரும் ஒரு வளைவு வந்தது. அதற்குச் சூத்திரம் கிடையாது. வளைவுக்குள் அடங்கிய சிறு கட்டங்களை லஸ்கர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கோடு குறுக்கே வெட்டிய கட்டங்களைப் பொறியாளர் இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்று என்று எழுதிக்கொண்டே வந்தார்.